ஸ்கோனும் டீயும்: ஹோட்டலா, டீ ரூமா, வீட்டு ஓவனா?

ஊரிலிருந்து அம்மா, அப்பா இங்கிலாந்து வந்திருக்கிறார்கள். அல்லது நான்கு நாள் லண்டன் பயணத்தில் ஒரு பிற்பகல் காலியாக இருக்கிறது. ஸ்கோனும் (ஓவனில் சுட்ட, உப்பிய சிறு ரொட்டி) டீயும் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து; எங்கே போவது என்பதில்தான் இழுபறி. லண்டனின் பெரிய ஹோட்டலில் மூன்றடுக்குத் தட்டோடு வரும் ஆஃப்டர்நூன் டீயா? தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன், கார்ன்வால் பக்கம் சின்ன டீ ரூமில் இரண்டு ஸ்கோன், ஜாம், கிரீம், ஒரு பாட் டீ என்று முடியும் கிரீம் டீயா? இல்லை, மாவும் வெண்ணெயும் வாங்கி வந்து வீட்டிலேயே சுட்டுவிடலாமா?

மூன்றுக்கும் விலை வித்தியாசம் பத்து மடங்குக்கு மேல் போகும். ருசி வித்தியாசம் விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை, பல நேரம் எதிர்த்திசையில் போகிறது. அதனால் முதலில் எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஸ்கோனின் வயது, அதாவது சுட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. இதுதான் தலையாய அளவுகோல். ஆஃப்டர்நூன் டீ வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று பெட்ஃபர்டு சீமாட்டி அன்னாவைச் சொல்வார்கள்; 1840 வாக்கில். அதற்கு முன்பிருந்தே ஸ்காட்லாந்தில் ஸ்கோன் உண்டு, ஆனால் அது ஓட்ஸ், பார்லி மாவைத் தட்டிக் கல்லில் சுட்ட தட்டையான பண்டம். இன்று நாம் பார்க்கும் உப்பிய ஸ்கோன் பேக்கிங் பவுடர் கொண்டுவந்தது. பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரெட் பேர்டு 1843-ல் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1845-ல் பிரிஸ்டலின் ஹென்றி ஜோன்ஸ் செல்ஃப் ரைசிங் மாவுக்கு, அதாவது உப்பவைக்கும் பொருளை முன்பே கலந்த மாவுக்கு, காப்புரிமை பெற்றார். வேகமாக உப்பும் இந்தப் பண்டம் அதே வேகத்தில் காய்ந்தும் போகும். கேக்கில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஏறக்குறைய சம எடை. ஸ்கோனிலோ வெண்ணெய் மாவில் கால் பங்குதான், சர்க்கரை அதிலும் பாதி. ஈரத்தைப் பிடித்து வைக்க ஆளில்லை. ஓவனை விட்டு இறங்கிய பத்தாவது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அதன் பொற்காலம். நான்கு மணி நேரம் கழித்தால் பரவாயில்லை ரகம். மறுநாள் ஆனால் ஜாமுக்குத் தாங்கு பலகை, அவ்வளவுதான்.

கிரீம். வேண்டியது கிளாட்டட் கிரீம். பாலின் கொழுப்பை மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, மேலே மஞ்சள் ஏடு கட்டியதும் ஆறவிட்டு எடுப்பது. நம் பாலாடைக்கு நெருங்கிய உறவு. கார்ன்வாலில் செய்யும் கிரீமுக்கு 1998 முதல், நம் புவிசார் குறியீடு போன்ற ஐரோப்பியப் பாதுகாப்புப் பெயர் உண்டு. அதில் கொழுப்பு குறைந்தது 55 சதவீதம் இருக்க வேண்டும். டபுள் கிரீமில் 48, விப்பிங் கிரீமில் 36 அளவில்தான் இருக்கும். அடித்து நுரைத்த விப்பிங் கிரீம் ஸ்கோன்மேல் வந்தால் ஏமாற்றப்பட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

டீ. இலை என்ன, தண்ணீர் கொதித்ததா, இலை டீ பாட்டுக்குள்ளேயே ஊறிக் கசந்துபோகாமல் இருக்க வழி உண்டா.

யார் சாப்பிடப் போகிறார்கள். சைவமா, முட்டை சேர்ப்பார்களா, சின்னக் குழந்தைகள் உண்டா, இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியுமா.

செலவும் நேரமும், அறிவிப்புப் பலகையில் எழுதாததையும் சேர்த்து.

| அளவுகோல் | பெரிய ஹோட்டல் | டீ ரூம் | வீடு |
|---|---|---|---|
| ஸ்கோன் | சிறியது. நல்ல இடங்களில் துணியில் சுற்றிச் சூடாக வரும் | பெரியது. எப்போது சுட்டது என்பதைப் பொறுத்தது | சுட்ட கால் மணி நேரத்தில் தட்டில் |
| கிரீம் | கிளாட்டட், தாராளம் | தென்மேற்கில் கிளாட்டட்; மற்ற ஊர்களில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் | கடையில் வாங்குவதுதான் |
| டீ | நல்ல இலை, மாற்றி மாற்றிக் கேட்கலாம் | பெரும்பாலும் டீ பை | உங்கள் கையில் |
| ஒருவருக்குச் செலவு | பெயர்பெற்ற ஹோட்டல்களில் 70 பவுண்டுக்கு மேல் | ஏறக்குறைய 8 முதல் 14 பவுண்டு | 3 பவுண்டுக்குள் |
| நேரம் | ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் | முக்கால் மணி நேரம் | வேலை 50 நிமிடம் |
| சைவம் | முன்பே சொன்னால் தனித் தட்டு | முட்டை மட்டும் கவனிக்க வேண்டும் | சிக்கலே இல்லை |

## பெரிய ஹோட்டல்

இங்கே நீங்கள் காசு கொடுப்பது கூடத்துக்கு: விரிப்பு, வெள்ளிப் பாத்திரம், பியானோ, நாற்காலியை இழுத்து உட்காரவைக்கும் பரிசாரகர். ரிட்ஸின் பாம் கோர்ட், கிளாரிட்ஜஸ், 1865-ல் திறந்த லாங்கம் என்று தேர்வுக்குப் பஞ்சமில்லை. தட்டின் கீழடுக்கில் விரல் அகல சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக் வகைகள். கீழிருந்து மேலாகச் சாப்பிடுவது வழக்கம். சாண்ட்விச்சும் டீயும் கேட்கக் கேட்க வரும். மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் போனால் இரவுச் சாப்பாடும் மிச்சம் என்பது கணக்கில் வரவு.

பற்று வேறு பக்கம் இருக்கிறது. பில்லில் 12.5 சதவீதமோ அதற்கு மேலோ சர்வீஸ் சார்ஜ் சேரும். 75 பவுண்டு என்று நினைத்துப் போனால் ஆளுக்கு 84 ஆகிவிடும். உட்கார்ந்ததுமே "ஷாம்பெய்னுடனா?" என்று கேட்பார்கள், தலையாட்டினால் இன்னும் இருபது பவுண்டுக்குக் குறையாது. முன்பதிவுக்குக் கார்டு எண் வாங்குவார்கள். கடைசி நேரத்தில் வராவிட்டால் பணம் பிடித்தம். உடை விதியையும் முன்பே பாருங்கள். ரிட்ஸில் ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம், ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் ஆகாது. புடவையும் சல்வாரும் எங்கேயும் செல்லும்.

சைவ உணவுக்காரர்கள் ஏமாறுவது சாண்ட்விச்சில் இல்லை. வெள்ளரிக்காய், முட்டை, சால்மன், கோழி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மேலடுக்கில் மூஸ், பன்னா கோட்டா போன்ற கிரீம் இனிப்புகள், கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பூச்சு ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்கிலிருந்து வருவது. முன்பதிவின்போதே "சைவம், ஜெலட்டின் வேண்டாம், முட்டை சேர்ப்போம் அல்லது சேர்க்க மாட்டோம்" என்று மூன்றையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் பழத்தட்டுதான் வரும்.

இன்னொரு விஷயம்: ஸ்கோன் சாண்ட்விச்சோடு சேர்ந்தே வந்துவிட்டால், நீங்கள் அதற்குக் கைவைக்கும்போது அரை மணி நேரம் ஆறியிருக்கும். "ஸ்கோனைப் பிறகு கொண்டுவாருங்கள்" என்று முதலிலேயே கேட்கலாம். நல்ல இடங்களில் முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

அறுபதாம் கல்யாணம், பட்டமளிப்பு, ஊருக்குத் திரும்பும் முன் அம்மாவுக்கு ஒரு மறக்க முடியாத பிற்பகல் என்றால் ஹோட்டலே சரி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு என்றால் வேண்டவே வேண்டாம். ஸ்கோன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால் இது ரொம்பச் செலவான வழி.

## டீ ரூம்

டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் இடையே ஒரு பழைய வழக்கு: டெவன்காரர்கள் முதலில் கிரீம், அதன்மேல் ஜாம், கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம், மேலே கிரீம். சிரித்துவிட்டுப் போகலாம் என்றாலும் இதில் ஒரு காரியம் இருக்கிறது. ஸ்கோன் இன்னும் சூடாக இருந்தால் கிரீமை நேரே வைத்ததும் உருகி எண்ணெயாக ஓடும், ஜாம்தான் நடுவே தடுப்பு. ஆறிய ஸ்கோனில் கிரீம் வெண்ணெய்போல் படியும். ஜாமும் வழுக்கி விழாது. ஆகவே தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள், மாவட்டம் பார்த்து அல்ல.

டீ ரூமில் கவனிக்க வேண்டியது நேரம். பெரும்பாலான இடங்களில் காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் ஒரு தடவை சுடுவார்கள். மரபுப்படி நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஆறு மணி நேரப் பழைய ஸ்கோன் மைக்ரோவேவில் முப்பது விநாடி சுற்றி வரும். மைக்ரோவேவ் ஸ்கோனை அடையாளம் காண்பது எளிது: வந்தவுடன் ஆவி பறக்கும், மூன்று நிமிடத்தில் ரப்பராகும், மேல்தோல் மொறுமொறுப்பு இல்லாமல் ஈரமாக ஒட்டும். நல்ல ஸ்கோனுக்கு இடுப்பில் ஒரு வெடிப்பு இருக்கும், கத்தி இல்லாமல் கையால் பிளந்தாலே அந்த இடத்தில் இரண்டாகும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் பழசு. அதனால் மரபு என்ன சொன்னாலும் பதினொன்றரை மணிக்குப் போவது புத்திசாலித்தனம். பிற்பகலில்தான் முடியும் என்றால் மைக்ரோவேவ் வேண்டாம், ஓவனில் ஐந்து நிமிடம் சூடாக்கித் தர முடியுமா என்று கேளுங்கள்.

பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டின் சிற்றுண்டிச் சாலைகள் ஸ்கோனுக்குப் பேர்போனவை. அங்கே வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் ஸ்பிரெட் சேர்க்கிறார்கள். 2024-ல் அது பத்திரிகைகளில் பெரிய சண்டையே ஆனது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நல்ல செய்தி, வெண்ணெய் மணம் தேடிப் போகிறவர்களுக்கு அல்ல. சிற்றுண்டிச் சாலை மாளிகை வாசலுக்கு உள்ளே இருந்தால் நுழைவுச் சீட்டும் வாங்க வேண்டிவரும், அது ஸ்கோனைவிட விலை அதிகம்.

மற்ற மறைமுகச் செலவுகள்: கிராமத்துக்குப் பஸ் குறைவு, வண்டி நிறுத்தக் கட்டணம், கூடுதல் கிரீமுக்குத் தனிக் காசு, நான்கரை மணிக்கே சமையலறை மூடுவது, குளிர்காலத்தில் கடையே திறக்காதது. தென்மேற்கை விட்டுத் தள்ளிய ஊர்களில் பலகையில் வெறும் "கிரீம்" என்றிருந்தால் எந்தக் கிரீம் என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

ஆனால் டெவனிலோ கார்ன்வாலிலோ நல்ல டீ ரூம் கிடைத்தால், ஸ்கோனும் டீயும் மட்டும் என்ற வகையில் மூன்றில் இதற்கே என் ஓட்டு. கிரீம் பக்கத்துப் பண்ணையிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் கடினத்தன்மை குறைந்தது, டீ அதே பையிலிருந்து வந்தாலும் தெளிவாக இறங்கும். சைவக்காரர்களுக்கும் இதுவே பாதுகாப்பு: ஸ்கோன், ஜாம், கிரீம், டீ, அவ்வளவுதான். மாவில் முட்டை சேர்த்திருக்கிறார்களா, மேலே பளபளப்புக்குப் பூசியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## வீடு

நான்கு பேருக்கு எட்டு ஸ்கோன்: செல்ஃப் ரைசிங் மாவு 225 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், பால் 150 மி.லி. முட்டை தேவையில்லை. கடையில் கிளாட்டட் கிரீம் 227 கிராம் டப்பா ஒன்று, ஸ்ட்ராபெரி ஜாம் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 10 பவுண்டு. ஜாமும் மாவும் மிஞ்சும்.

நான்கு மணிக்கு மேசையில் இருக்க வேண்டுமானால்:

3.10: ஓவனை 220 டிகிரி செல்சியஸில் போடுங்கள், விசிறி ஓவன் என்றால் 200. தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடாக்குங்கள்.

3.20: மாவு, பேக்கிங் பவுடர், உப்பைச் சலித்து, வெண்ணெயைத் துண்டு போட்டு விரல் நுனியால் தேய்த்து ரவைபோல் ஆக்குங்கள். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். பிறகு சர்க்கரை.

3.30: பாலை ஒரேயடியாக ஊற்றி, கத்தியின் தட்டைப் பக்கத்தால் கிளறுங்கள். மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைதான் இங்கே அதிகம் சறுக்கும். பிசையப் பிசைய மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, ஸ்கோன் எழும்பாமல் கட்டியாகும். மாவு கொஞ்சம் ஒட்டும் பதத்தில் இருப்பதே சரி. ஒட்டுகிறதே என்று மாவு தூவிக்கொண்டே போனால் வெந்தபின் வறண்டுவிடும்.

3.34: கையால் 2.5 செ.மீ. கனத்துக்குத் தட்டி, 5 செ.மீ. வட்ட அச்சால் நேராக அழுத்தி வெட்டுங்கள். அச்சைத் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் ஒரு பக்கம் சாயும். அச்சு இல்லையென்றால் கத்தியால் சதுரமாக வெட்டுங்கள். மாவும் வீணாகாது, ஓரமும் கூராக இருக்கும். மேலே மட்டும் பால் தடவுங்கள், பக்கவாட்டில் வழிந்தால் அந்தப் பக்கம் ஏறாது. தட்டில் நெருக்கி வையுங்கள், அப்போது அகலத்தில் பரவாமல் உயரும்.

3.37: ஓவனுக்குள். 12 முதல் 14 நிமிடம். பாதியில் கதவைத் திறக்காதீர்கள். வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் பத்து நிமிடம். உடனே பிளந்தால் உள்ளே களிபோல் இருக்கும், வேகவில்லை என்று தவறாக நினைக்க நேரும்.

எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மாதக்கணக்கில் திறந்து கிடந்து வலுவிழந்த மாவு, ஓவன் சூடேறும் முன்பே ஸ்கோனை உள்ளே வைத்தது, 2.5 செ.மீ.க்குக் குறைவாகத் தட்டியது. பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய அதில் ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள், பொங்க வேண்டும்.

வெண்ணெய் தேய்க்கவே அலுப்பு என்றால் ஆஸ்திரேலிய வழி ஒன்று உண்டு: செல்ஃப் ரைசிங் மாவு 350 கிராம், டபுள் கிரீம் 175 மி.லி., சோடா லெமனேட் 175 மி.லி. கலந்து, வெட்டி, சுட வேண்டியதுதான். கிரீமின் கொழுப்பு வெண்ணெய் வேலையையும், லெமனேட் சர்க்கரை வேலையையும் பார்த்துவிடும். மென்மையாக வரும், ஆனால் தேய்த்துச் செய்ததன் அடுக்கடுக்கான பிளவு வராது. குழந்தைகள் செய்ய இது நல்லது.

கிளாட்டட் கிரீமையும் வீட்டிலேயே செய்யலாம். டபுள் கிரீமை அகலத் தட்டில் ஊற்றி 80 டிகிரியில் 12 மணி நேரம், பிறகு இரவெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில். அதிவெப்பத்தில் பதப்படுத்திய நீண்டநாள் கிரீம் இதற்கு உதவாது. கடையில் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்வது மின்கட்டணத்தை வீணாக்குவது. கிடைக்காத நாட்டில் இருப்பவர்கள் மட்டும் இறங்கலாம்.

பல்பொருள் அங்காடியில் பாக்கெட்டில் விற்கும் ஸ்கோன்? ஸ்கோனின் வயது என்ற முதல் அளவுகோலை வைத்துப் பாருங்கள், மேலே பேச ஒன்றுமில்லை.

## டீ, எங்கே சாப்பிட்டாலும்

நம் வீடுகளில் பாலோடு கொதிக்கவைத்த டீ குடித்துப் பழகியவர்களுக்கு இங்கே வருவது தண்ணியாகத் தோன்றும். அந்தப் பழக்கத்துக்குத் தோதான இலை அஸ்ஸாம். அடுத்து இலங்கையின் திம்புல, ஊவா. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துரையில் தோட்டம் போட்டதிலிருந்து மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய தேயிலை அது. கிரீமின் கொழுப்பையும் ஜாமின் இனிப்பையும் அறுத்துக்கொண்டு நாக்கில் நிற்க அந்தத் துவர்ப்பு வேண்டும். டார்ஜிலிங்கின் முதல் பருவக் கொழுந்து டீ கிரீமுக்கு முன் காணாமல் போய்விடும், அதை ஹோட்டலில் வெள்ளரி சாண்ட்விச்சோடு குடித்துவிடுங்கள். ஏர்ல் கிரே டீயில் சேர்க்கும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணம் ஸ்ட்ராபெரி ஜாமோடு மல்லுக்கட்டும்.

200 மி.லி. கோப்பைக்கு 2.5 கிராம் இலை, அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். டீ பாட்டை முதலில் வெந்நீரால் அலசுங்கள், நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி நான்கு நிமிடம். அதற்குள் வடிகட்டி வேறு டீ பாட்டுக்கு மாற்றாவிட்டால் இரண்டாவது கோப்பை கசக்கும். டீ ரூமில் இதற்கு வழி கிடையாது. ஆகவே ஒரு ஜாடி வெந்நீர் தனியாகக் கேட்டு வாங்கிக் கலந்துகொள்ளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். பால் குளிர்ந்ததுதான் வரும், கொஞ்சமாக விடுங்கள். ஜாம் இருப்பதால் சர்க்கரை தேவைப்படாது.

லண்டன் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், டீயின் மேல் படலம் கட்டும். வீட்டில் செய்தால் வடிகட்டிய தண்ணீரைக் கொதிக்கவையுங்கள்.

## மிஞ்சினால்

ஹோட்டலில் மிஞ்சிய கேக்கையும் ஸ்கோனையும் பெட்டியில் போட்டுத் தரக் கேட்கலாம், பல இடங்களில் தருவார்கள். சாண்ட்விச் பெரும்பாலும் தர மாட்டார்கள். வீட்டில் சுட்டதை ஆறிய அன்றே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது உறைந்தபடியே 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் முக்கால்வாசி திரும்பி வரும். வெட்டிய மாவை வேகவைக்காமல் உறையவைத்தால் இன்னும் நல்லது, நேரே 220 டிகிரிக்குள், கூட மூன்று நான்கு நிமிடம். திறந்த கிரீம் டப்பாவை மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.